கலாசாரம் இருப்பது மேடையிலா, காணி உறுதியிலா?

உள்ளூர்ச் செய்திகளைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வராமல் இருக்காது. பிரதேச செயலகம் கலாசார விழா நடத்துகிறது. படத்தில் காவடியும் கரகமும் தெரிகின்றன. அடுத்த பக்கத்தில், பின்னேரத்தில் கடற்கரையில் கூடும் இளம் ஆட்களைப் பற்றிக் "கலாசாரச் சீர்கேடு" என்று ஒரு கண்டன அறிக்கை. இன்னொரு நாள், பாடசாலைக்கு வரும் ஆசிரியை சேலை கட்டுவதா அபாயா அணிவதா என்று தகராறு; இரண்டு தரப்பும் "எங்கள் கலாசாரம்" என்றே பேசுகின்றன.

மூன்றிலும் சொல் ஒன்றுதான், பொருள் ஒன்றல்ல. ஒரு சமூகத்துக்குக் கலாசாரம் இருக்கிறது என்றால் அதனிடம் உண்மையில் என்ன இருக்கிறது? மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களுக்குள்ளேயே நின்று இதைப் பார்க்கலாம். இரண்டும் 1961 வரை ஒரே மாவட்டமாக இருந்தவை. இந்தக் கேள்விக்குத் தேவையான உதாரணங்கள் அத்தனையும் இங்கேயே கிடைக்கின்றன.

செய்தியில் வரும் மூன்று கலாசாரங்கள்

1. கலை என்ற பொருள். கூத்து, கரகம், கோலாட்டம், றபான். கலாசார உத்தியோகத்தர், கலாசார மத்திய நிலையம் என்ற பெயர்களில் இருப்பது இதுதான். மேடையேற்றலாம், படம் எடுக்கலாம், சான்றிதழ் கொடுக்கலாம்.

2. ஒழுக்கம் என்ற பொருள். "கலாசாரச் சீர்கேடு" என்று எழுதுபவர் கூத்து நலிந்துபோனதைச் சொல்லவில்லை. யாரோ ஒரு பெண் எதையோ உடுத்தியதைச் சொல்கிறார். (பெரும்பாலும் பெண்தான். ஆண்கள் ஐம்பது, அறுபது வருடங்களுக்கு முன்பே வேட்டி சாரத்தை விட்டுக் காற்சட்டைக்கு மாறியபோது எந்தக் கலாசாரமும் சீர்கெட்டதாக யாரும் அறிக்கை விடவில்லை.)

3. அடையாளம் என்ற பொருள். நாங்கள் வேறு, அவர்கள் வேறு என்று காட்டுவதற்கான குறி. ஊர் எல்லையில் நிற்கும் வரவேற்பு வளைவுகள், சிலைகள், காத்தான்குடி பிரதான வீதியின் நடுவே நிற்கும் ஈச்ச மரங்கள் எல்லாம் இந்த வகை. வெளியிலிருந்து வருபவர் பார்ப்பதற்காக வைத்தவை.

மானிடவியல் இவற்றை விட அகலமாகப் பேசுகிறது. 1871இல் எட்வர்ட் டைலர் என்ற ஆங்கிலேயர், ஒரு மனிதன் சமூகத்தில் ஒருவனாக இருப்பதால் பெறும் அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் எல்லாம் சேர்ந்த முழுமையே கலாசாரம் என்றார். யுனெஸ்கோவும் 1982இல் மெக்சிக்கோ மாநாட்டில் ஏறத்தாழ இதே அகலத்தில் ஒரு வரைவிலக்கணத்தை ஏற்றுக்கொண்டது. தப்பில்லை. ஆனால் சோறு முதல் சட்டம் வரை எல்லாமே கலாசாரம் என்றால், "கலாசாரம் அழிகிறது" என்று ஒருவர் சொல்லும்போது எது அழிகிறது என்று கேட்க வழியில்லாமல் போய்விடும்.

"முறை" என்ற பழைய சொல்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு வயதான விவசாயியிடம் கலாசாரம் என்றாலும் பண்பாடு என்றாலும், அது மேடைப் பேச்சுக்காரரின் சொல். பண்பாடு என்ற சொல்லே இந்தப் பொருளில் இருபதாம் நூற்றாண்டில்தான் பரவியது. அவர் புழங்கும் சொல் "முறை".

இந்தச் சொல்லுக்குள் மூன்று பொருள் இருக்கிறது. "அவ எனக்கு என்ன முறை?" என்றால் உறவு. "இந்த வருசம் யார்ர முறை?" என்றால் வரிசை. "அது முறையில்ல" என்றால் சரி பிழை. உறவு வரிசையைத் தீர்மானிக்கிறது. வரிசை ஒருவர் செய்ய வேண்டியதைத் தீர்மானிக்கிறது. செய்யாவிட்டால் அது முறையில்லை. நாம் தேடும் வரைவிலக்கணம் இதற்குள்ளேயே கிடக்கிறது. ஒரு சமூகத்துக்குக் கலாசாரம் இருக்கிறது என்று சொல்ல நான்கு விடயங்கள் வேண்டும்:

1. ஒரு காரியம் யாருடைய பொறுப்பு என்பது அறிவித்தல் ஒட்டாமலே தெரிந்திருக்க வேண்டும்.
2. பொறுப்பானவர் செய்யாவிட்டால் கேட்பதற்கு ஆள் இருக்க வேண்டும்.
3. அடுத்தவர் பழகும் வழி அன்றாட வேலைக்குள்ளேயே இருக்க வேண்டும்.
4. மாற்ற வேண்டி வந்தால், பேசித் தீர்க்கும் இடம் அந்தச் சமூகத்துக்குள் இருக்க வேண்டும்.

பாட்டு, ஆட்டம், உடுப்பு, பலகாரம் எல்லாம் இந்த ஏற்பாட்டின் மேல் காய்ப்பவை.

குடி: சட்டம் போன பிறகும் போகாத முறை

கிழக்கின் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடி முறை இருக்கிறது. பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் கல்யாணம் செய்வதில்லை. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி என்ற பெயர்களை இங்கே கேட்டிருப்பீர்கள். குடிக்குள்ளும் கிளை பிரியும்போது "வயிற்றுவார்" என்பார்கள். எந்த வயிற்றில் பிறந்தவர் என்பதே கணக்கு.

கோயிலில் இது வெளிச்சமாகத் தெரியும். கொக்கட்டிச்சோலை தான்தோன்றீச்சரம் போன்ற பெரிய கோயில்களில் திருவிழா நாட்கள் குடிகளுக்கும் ஊர்களுக்கும் பங்கிடப்பட்டவை. பொறுப்பாளர்களான வண்ணக்கர்களும் குடிவழியே வருகிறார்கள். காளாஞ்சி என்ற மரியாதைத் தட்டு யாருக்கு முதலில் என்பதில் வரும் சண்டை வெளியாருக்குச் சிரிப்பாக இருக்கலாம். வெற்றிலையும் பழமும்தானே! ஆனால் அந்தத் தட்டு நீளும் வரிசை, இந்த ஊரில் யார் யாருக்கு எந்தக் கடமை என்பதன் அட்டவணை. அதனால்தான் சில கோயில்களில் வழக்கு நீதிமன்றம் வரை போகிறது.

பள்ளிவாசலிலும் இதே எலும்புக்கூடு இருந்தது. அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்: பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்காயர். தமிழரிடம் வண்ணக்கர், முஸ்லிம்களிடம் மரைக்காயர். பெயர் வேறு, தாய்வழிக் கணக்கு ஒன்று.

இப்போது வீட்டுக்கு வருவோம். ஒரு மகளுக்குக் கல்யாணம் பேசும்போது முதலில் வரும் கேள்வி வீடு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். பல குடும்பங்களில் மூத்த மகளுக்குப் பெற்றோர் தாங்கள் இருந்த வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்பக்கம் ஒரு சின்ன வீட்டுக்கு ஒதுங்குவார்கள். அடுத்தவளுக்காக மறுபடி அத்திவாரம் வெட்டுவார்கள். அரைகுறையாக நிற்கும் சுவர், நீட்டிக்கொண்டு நிற்கும் கம்பி, தூணோரம் குவித்த மணல் – காத்தான்குடியிலும் ஆரையம்பதியிலும் கல்முனையிலும் இந்தக் காட்சி ஒன்றுதான். அந்த வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு மகள் இருக்கிறாள். நொத்தாரிசு எழுதும் உறுதியில் அவள் பெயர் வரும்.

வேற்றூர் ஆட்கள் மட்டக்களப்பைப் பற்றிச் சொல்லும் பழைய பேச்சு ஒன்று உண்டு: இங்கே வந்தவனை மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்களாம். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. கட்டியவன் மனைவியின் ஊரிலேயே தங்கிவிடுவது இங்கே முறை. அவனுடைய ஊரிலிருந்து பார்த்தவர்களுக்கு அது மந்திரமாகத் தெரிந்திருக்கும்.

முதுசொம் (முன்னோர் சொத்து) எந்த வழியில் இறங்கும், தேடிய தேட்டம் (தானே உழைத்த சொத்து) யாருக்கு என்றெல்லாம் பேசும் முக்குவர் சட்டம் என்ற தனிச் சட்டம் ஒருகாலத்தில் மட்டக்களப்பில் நடைமுறையில் இருந்தது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு அது வழக்கொழிந்தது. வடக்கில் தேசவழமை சட்டமாகவே இன்றும் நிற்கிறது; கிழக்குத் தமிழருக்குப் பொதுச் சட்டம்தான். சட்டம் போய் ஏறத்தாழ 150 வருடம். மகளுக்கு வீடு கொடுப்பது நிற்கவில்லை. யுத்தம் நடந்தபோதும் நிற்கவில்லை, 2004 சுனாமிக்குப் பிறகு கிடைத்த வீடுகளையும் பல குடும்பங்கள் அந்தக் கணக்கிலேயே பார்த்தன. கலாசாரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் கைகாட்டக்கூடிய இடம் இது. விழா மேடையில் இதற்கு நிகழ்ச்சி நிரல் கிடையாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அடையாளத்தில் மிகத் தள்ளி நிற்பதாகக் காட்டிக்கொள்ளும் இரண்டு சமூகங்கள் முறையில் இவ்வளவு நெருக்கம். "புட்டும் தேங்காய்ப்பூவும் போல" என்று நல்லிணக்கக் கூட்டங்களில் சொல்லிச் சொல்லியே தேய்த்துவிட்ட உவமையை விட, பக்கத்துப் பக்கத்து ஊர்களின் காணி உறுதிகளை எடுத்துப் பார்ப்பது கூடுதலாக எதையாவது சொல்லும். 1990இல் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நடந்த கொலைகள் கொடுக்கல் வாங்கலை அறுத்தன. இந்த ஒற்றுமையை அறுக்க முடியவில்லை. ஆனால் ஒரே முறை இருந்தும் அந்தக் கொலைகள் நடந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒத்த கலாசாரம் சமாதானத்துக்கு உத்தரவாதம் இல்லை.

கூத்து: முக்கால் மணி நேரமும் ஒரு வருட வேலையும்

வடமோடி, தென்மோடி என்ற இரண்டு பாணிக் கூத்துகளைப் பற்றிப் பேசாமல் மட்டக்களப்புக் கலாசாரம் பேச முடியாது. ஆனால் எதைக் கூத்து என்கிறோம்? மேடையில் முக்கால் மணி நேரம் ஆடுவதையா? ஊரில் கூத்து என்பது இந்த ஒழுங்கில் நடப்பது:

1. ஊர்ப் பெரியவர்கள் கூடி எந்தக் கூத்து என்று தீர்மானித்து, கூத்துப் பழக்கும் அண்ணாவியாரை அழைப்பார்கள்.
2. சட்டம் கொடுத்தல். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று பிரித்துப் பாட்டுகளைக் கொடுப்பது. இங்கே குரலும் தோற்றமும் மட்டுமல்ல, யாருடைய மகன் என்பதும் கணக்கில் வரும். கோபம் வரும், சமாதானம் பண்ண வேண்டி வரும்.
3. மாதக்கணக்கில் இரவுப் பழக்கம். தாளக்கட்டு காலில் ஏறும் காலம்.
4. சதங்கை அணிதல். அதற்கே ஊர் கூடும்.
5. அடுக்குப் பார்த்தல், ஆட்டமும் பாட்டும் வரிசையாக வருகின்றனவா என்ற கடைசிச் சோதனை.
6. சுற்றிவரப் பார்க்கும் வட்டக்களரியில் விடிய விடிய அரங்கேற்றம். பிறகு வீட்டுக்கு வீடு ஆடுதல்.

பகலில் வயலில் நின்றவன் இரவில் கரப்புடுப்பு என்ற கூத்து உடுப்புக் கட்டி அருச்சுனனாக நிற்பான். அவனுடைய தவறான அடியைப் பார்த்து, களரியைச் சுற்றி இருக்கும் கிழவர்களில் ஒருவர் "அது அப்படி இல்ல, தம்பி" என்பார். முப்பது வருடத்துக்கு முன் அதே பாத்திரத்தை ஆடியவர் அவர். மேலே சொன்ன நான்கு விடயங்களும் அந்த ஓர் இரவில் இருக்கின்றன.

1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன், கர்ணன் போர், இராவணேசன் போன்ற கூத்துகளைச் சுருக்கி, ஒருபக்கம் பார்க்கும் மேடைக்கு ஏற்பத் தயாரித்தார். அவற்றில் ஆடிய சி. மௌனகுரு பின்னர் அந்த வழியைத் தொடர்ந்தார். கூத்தை நாட்டார் விளையாட்டு என்று ஒதுக்கிய படித்தவர்களின் கண்ணைத் திறந்தது இது. அதேசமயம் களரி மேடையானது, ஊர் பார்வையாளரானது. 2000களின் தொடக்கத்தில் சீலாமுனையில் சி. ஜெயசங்கர் முதலானோர் கூத்து மீளுருவாக்கம் என்று தொடங்கியது இன்னொரு வழி: கூத்தை ஊரிலேயே வைத்து, ஊராரோடு பேசி, கதைக்குள் இருக்கும் சாதி, பெண் பற்றிய பார்வையை அவர்களே மாற்றுவது.

எது சரி என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. என் கணக்கில், முதலாவது கலையைக் காப்பாற்றியது. இரண்டாவது முறையைத் தொட்டது. இரண்டும் ஒரே வேலை அல்ல என்று தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை குறையும்.

பொலிப்பாட்டு ஏன் போனது

"எங்கள் நாட்டார் பாடல்கள் அழிகின்றன" என்று கவலைப்படுபவர்கள் பெரும்பாலும் இளைஞரையும் கைத்தொலைபேசியையும் திட்டுகிறார்கள். களவெட்டியை, அதாவது நெல் பிரித்தெடுக்கும் களத்தைப் பாருங்கள். வெட்டிய கதிரைச் சூடு வைத்து (குவித்து), இரவில் மாடு வளைத்துச் சூடு மிதித்தபோது பாடியது பொலிப்பாட்டு. அந்தக் களத்துக்குத் தனிச் சொற்களே இருந்தன. நெல்லை நெல் என்று சொல்லமாட்டார்கள், "பொலி" என்பார்கள்; கடகம் "பெருவாயன்" ஆகிவிடும். இப்போது வெட்டு மெஷின் வயலில் இறங்கி, வெட்டி, அடித்து, தூற்றி, மூட்டையாகவே கொடுத்துவிட்டுப் போகிறது. களமும் இல்லை, மாடும் இல்லை. பாடுவதற்கு அங்கே இரவே இல்லை.

ஆக, பாட்டு மட்டும் தனியே அழியவில்லை. அது ஒட்டியிருந்த வேலை முடிந்தது. முதுகு முறிய நின்றவர்களில் யாரும் அந்த வேலை திரும்பி வர வேண்டும் என்று கேட்கமாட்டார். பாட்டை ஒலிப்பதிவு செய்து வைப்பது நல்ல காரியம். அது ஆவணம். அதைக் கலாசாரப் பாதுகாப்பு என்று பெயரிட்டுத் திருப்திப்படுவதுதான் பிழை.

மொழி போனால் எல்லாம் போகுமா?

பொதுவாக ஆம் என்றே சொல்லப்படும். இங்கே இருக்கும் மூன்று சிறு சமூகங்கள் பதிலைச் சிக்கலாக்குகின்றன.

வாகரை, கதிரவெளிப் பக்கத்துக் கரையோர வேடர் பேசுவது தமிழ். காட்டு வேட்டை குறைந்து, மீன்பிடியும் சேனையும் ஆயிற்று. ஆனால் முன்னோருக்கான சடங்கை அவர்களே, அவர்கள் முறைப்படியே நடத்துகிறார்கள். அன்றாடத்தில் இல்லாத பழைய சொற்கள் சில அங்கே வருகின்றன.

மட்டக்களப்பு நகரின் பறங்கியர் போர்த்துக்கேய வழி வந்தவர்கள். 1638இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தபோதே போர்த்துக்கேயர் ஆட்சி இங்கே முடிந்துவிட்டது. போர்த்துக்கேய மொழியின் கிரியோல் (கலப்பு) வடிவம் மட்டும் கொல்லப் பட்டறையிலும் தச்சுக் கொட்டிலிலும் அடுப்படியிலும் மூன்று நூற்றாண்டுக்கு மேல் உயிரோடு இருந்தது. இன்று பிள்ளைகள் பெரும்பாலும் தமிழ்தான் பேசுகிறார்கள், கல்யாண வீட்டில் கபிரிஞ்ஞா ஆடுகிறார்கள். அக்கரைப்பற்றுக்குப் பக்கத்து அளிக்கம்பையின் குறவர் சமூகத்திலோ நிலை தலைகீழ்: பாம்பாட்டி ஊரூராகப் போன தொழில் கைவிட்டுப் போயிற்று, மதமும் மாறிற்று, வீட்டில் தெலுங்கு நிற்கிறது.

ஒரு சமூகம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்பதை வெளியிலிருந்து ஊகிக்க முடியாது. இம்மூன்றும் விழாக்களில் "பல்லினக் கலாசாரம்" என்ற தலைப்பின் கீழ் ஐந்து நிமிடம் கொடுக்கப்படுபவை.

முறை எல்லாம் நியாயமா?

இல்லை. இதைத் தாண்டிப் போகக் கூடாது. பறைமேளம் மட்டக்களப்பின் பெருமைமிக்க வாத்தியம் என்று பேசுகிறோம். அதை அடித்தவர்களுக்கு அது கலையாக மட்டும் இருக்கவில்லை. சாவு வீட்டுக்குக் கூப்பிட்டால் போயே ஆக வேண்டும் என்ற சாதிக் கட்டாயமாகவும் இருந்தது. அவர்களின் பிள்ளைகள் மேளத்தைக் கீழே வைத்தபோது அழிந்தது கலாசாரமா, அடிமைத்தனமா? இரண்டும்தான். மேளத்தைக் காப்பாற்ற விரும்புகிறவர், யார் அடிக்க வேண்டும் என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். தன் பிள்ளையைப் பழக்குவாரா?

கோயில்களில் இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடக்கிறது. கண்ணகை அம்மன் கோயிலில் நடப்பது, வைகாசியில் கதவு திறந்து, கல்யாணக்கால் நட்டு, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியோடு முடியும் சடங்கு. நடத்துபவர் ஊரைச் சேர்ந்த கப்புகனார் அல்லது கட்டாடியார். சில இடங்களில் கோபுரம் எழும்பி, ஆகமப் பூசையும் குருக்களும் வந்து, சடங்கு திருவிழாவாகிறது. பார்வைக்கு வளர்ச்சி. முறையின் கணக்கில், ஊராரிடம் இருந்த பொறுப்பு சம்பளத்துக்கு வருபவரிடம் கைமாறுகிறது. அதை விரும்பியே செய்கிறார்கள் என்றால் அது அவர்கள் உரிமை; ஆனால் "பாரம்பரியம் காக்கப்பட்டது" என்று கல்வெட்டில் எழுதுவது கொஞ்சம் அதிகம்.

சட்டம் யாருக்கு உரிமை கொடுக்கிறது?

1978 அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை, தனியாகவோ பிறரோடு சேர்ந்தோ தனது கலாசாரத்தை அனுபவிக்கவும் வளர்க்கவும் தனது மொழியைப் பயன்படுத்தவும் ஒவ்வொரு பிரசைக்கும் சுதந்திரம் கொடுக்கிறது. இலங்கை 1980இல் இணைந்த குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 27ஆம் உறுப்புரையும் சிறுபான்மையினரைச் சேர்ந்த "ஆட்களை" பற்றியே பேசுகிறது.

ஒவ்வொரு பிரசை, ஆட்கள் என்ற சொற்களைக் கவனியுங்கள். உரிமை ஆளுக்கு. "எங்கள் கலாசாரம்" என்று ஒரு சங்கமோ நிருவாக சபையோ சொல்லி, தன் சமூகத்துப் பெண்ணை ஓர் உடுப்புக்குள் தள்ளவும் முடியாது, வேறு சமூகத்துப் பெண்ணின் உடுப்பைக் கழற்றச் சொல்லவும் முடியாது. உடுப்புத் தகராறுகளில் இரண்டு தரப்பும் மறப்பது இதைத்தான்.

வெளிநாட்டிலிருந்து வரும் திருவிழாக் காசு

யுத்தம் ஆட்களைக் கனடாவுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் அனுப்பியது. மத்திய கிழக்குக்கும் போனார்கள். குடியின் திருவிழா நாள் மட்டும் இடம் மாறவில்லை. இப்போது பல கோயில்களில் அந்த நாளின் செலவில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது. நாலு வீட்டில் சேர்த்த அரிசியும் தேங்காயும் வந்த இடத்தில் வங்கிக் கணக்குக்குக் காசு வருகிறது. பூ மாலையிலிருந்து சாமான் ஏற்றும் லான்ட்மாஸ்டர் வரை எல்லாம் கூலிக்கு. கனடாவில் இருப்பவர் நேரலையில் பார்க்கிறார்.

நான்கு விடயங்களோடு ஒப்பிட்டால்: பொறுப்பு யாருடையது என்று இன்னும் தெரிகிறது. செய்யாவிட்டால் கேட்க ஆள் இருக்கிறது. வட்ஸ்அப் குழுவில் கேட்கிறார்கள். பழகும் வழிதான் அறுந்திருக்கிறது. சாமி தூக்கத் தோள் கொடுக்காத பிள்ளைக்கு, எந்தப் பக்கம் தன் குடிக்குரியது என்று யார் காட்டுவது? நான்காவதில் சண்டை தொடங்கிவிட்டது. காசு அனுப்புபவர் திருவிழாவை அங்குள்ள விடுமுறைக்கு ஏற்றபடி நகர்த்தச் சொல்கிறார். ஊரில் இருப்பவர் நட்சத்திரத்தைப் பார் என்கிறார். பற்றுச்சீட்டு மட்டும் பழையபடிதான். கொடுத்தவர் பெயருக்கு மேலே, முதல் வரியில், குடியின் பெயர்.